அவள் பெயரில் ஒரு ஊர்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் வேலைக்குக் கிளம்பும்போதுதான் பார்த்தேன். வாசல் மணிக்குக் கீழே புதுப் பெயர்ச்சீட்டு. லுட்கர் நேற்றே ஒட்டியிருக்க வேண்டும். மேலே "ஊலன்புரோக்", கீழே "ஹார்ம்ஸ்". அவன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து.

அவன் பெயர் என்று எழுதிவிட்டேன். அவன் பெயரா அது?

போன வாரம் பதிவு அலுவலகத்தில் ஜூன் மாதத்துக்கு நாள் குறித்துவிட்டு வந்தோம். அங்கிருந்த பெண் கேட்டாள்: கல்யாணத்துக்குப் பிறகு இருவருக்கும் ஒரே குடும்பப் பெயரா, எந்தப் பெயர்? லுட்கர் படிவத்திலிருந்து தலையைத் தூக்காமல் "ஊலன்புரோக்" என்றான். ரொட்டிக் கடையில் வழக்கமான ரொட்டியைச் சொல்வது போல. "யோசிச்சுச் சொல்றோம்" என்று நான் சொன்னதும்தான் நிமிர்ந்தான்.

லுட்கர் பிறந்தது டெர்ஹோர்ஸ்ட் வீட்டில். இருபத்தைந்து வயதில் ஊலன்புரோக் பண்ணைக்கு மாப்பிள்ளையாகப் போனான். இந்தப் பக்கத்தில் பண்ணைக்குள் கல்யாணம் கட்டிப் போகிற ஆண் அந்தப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வான். பெண்ணின் பெயர் ரோஸ்விதா. இருபது வருஷம் அவளோடு மாடு கறந்தான். விவாகரத்தாகி நாலு வருஷமாகிறது. மாடு, வயல், வீடு எல்லாம் அவளிடமே இருந்துவிட்டன. பெயர் மட்டும் அவனோடு கூடவே வந்து, இப்போது என் வாசல் மணிக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஊலன்புரோக் என்றால் ஆந்தைகள் வாழும் சதுப்பு. பண்ணைக்கு அந்தப் பெயர். அதைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்கும் சேர்த்து அந்தப் பெயர். பேருந்து நிறுத்தத்துக்கும் அதுவே. நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்குப் போகும் சாலையில் மஞ்சள் பலகை ஒன்று இருக்கிறது. அம்புக்குறியும், ஊலன்புரோக் என்ற பெயரும், எத்தனை கிலோமீட்டர் என்பதும்.

மற்றப் பெண்களின் கணவர்களுக்கும் முதல் மனைவி இருந்திருப்பாள். எந்த முதல் மனைவிக்கு அரசாங்கம் சாலைப் பலகை வைத்திருக்கிறது?

மார்ச் 6

பலகையைப் பார்க்காமல் வண்டி ஓட்டினேன். பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று கடை வரைக்கும் நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று அவளே வந்தாள்.

மருந்துச் சீட்டை வாங்கி, பழக்கத்தில் பெயரை உரக்கப் படித்துவிட்டேன். "ஊலன்புரோக்?" என் வாயாலேயே.

"நான்தாம்மா. வேற யாரு?" என்று சிரித்தாள் ரோஸ்விதா. ஐம்பதைத் தொட்ட பெரிய உருவம், சிவந்த கைகள், மேல்சட்டையில் மாட்டுத் தீவன வாசனை. இரத்த அழுத்த மாத்திரை. எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முறைப்பு எதுவும் இல்லை. சந்தைக்கு வந்த கன்றுக்குட்டியைப் பார்க்கிற மாதிரி, நிதானமாக.

"ஜூன் மாசமாமே. நல்லது. மழை வராம இருக்கணும்."

அவ்வளவுதான். போய்விட்டாள். கூட வேலை செய்யும் ஹெட்விக் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஹெட்விக் இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே வாழ்க்கைப்பட்டு, ஓய்வு பெறும் வயதிலும் வேலையை விடாதவள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் காபி போட்டாள்.

"இங்க பாரு இம்கே. நீ கடலோரத்துலேர்ந்து வந்தவ, உனக்குப் புரியாது. எங்க பக்கத்துல பேரு ஆளுக்கு இல்ல, மனைக்கு. யாரு அந்த வீட்டு அடுப்ப மூட்டறாங்களோ அவங்களுக்கு அந்தப் பேரு. என் புருஷனோட நெசப் பேரு தபால்காரனுக்கும் பாதிரியாருக்கும்தான் தெரியும். ஊருக்கு அவரு ஓடைவீட்டுக்காரர். எங்களுக்கு முன்னால அங்க இருந்தவனும் ஓடைவீட்டுக்காரன்தான். எங்களுக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல."

"அப்ப லுட்கர்? அவன்தான் அங்கேர்ந்து வந்துட்டானே?"

"அதான் வேடிக்கை. வெளிய வரும்போது கோட்டைக் கழட்டி அங்க ஆணியில மாட்டிட்டு வந்திருக்கணும். உன் ஆளு போட்டுக்கிட்டே வந்துட்டான்."

அவளுக்குச் சிரிப்பு. எனக்குச் சாயங்காலம் வரை அந்தக் கோட்டுதான் கண்ணுக்குள். யாருடைய வாசனை அடிக்கும் கோட்டு?

எங்கள் ஊர்ப் பக்கம் இந்தச் சிக்கல் கிடையாது. ஹார்ம்ஸ் என்றால் ஹார்ம் என்பவனின் பிள்ளை, அவ்வளவுதான். ஏதோ ஒரு காலத்து அப்பனின் பெயர். அதில் யாரும் குடியிருக்க முடியாது, அதை விட்டு யாரும் வெளியே வரவும் முடியாது.

மார்ச் 16, ஞாயிறு

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே ஆரம்பித்தேன். சாதாரணமாகக் கேட்க வேண்டும் என்று குளிக்கும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன். "பழைய பேருக்கே திரும்பிடலாமே லுட்கர்? ஒரு கையெழுத்துதானே?"

"எதுக்கு?"

"எதுக்கா!"

ஒத்திகை அங்கேயே முடிந்தது.

அவன் பொறுமையாகத்தான் பேசினான். லுட்கர் எப்போதும் பொறுமையாகத்தான் பேசுவான், அது இன்னும் மோசம். "வண்டியில எழுதியிருக்கு. எல்லாத் தொழுவத்துலயும் என்னை அந்தப் பேர்லதான் தெரியும். மாடு நொண்டுதுன்னா என்ன சொல்றாங்க? ஊலன்புரோக்கைக் கூப்பிடுங்கறாங்க." அவன் இப்போது ஊர் ஊராகப் போய் மாடுகளுக்குக் குளம்பு சீவிவிடுகிறான்.

"டெர்ஹோர்ஸ்ட் வந்தா மாடு உதைக்குமா?"

சிரித்தான். நானும் சிரித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் சிரிக்கவில்லை.

"நான் எங்க கையெழுத்துப் போட்டாலும் அவ பேரைப் போடணும், அதானே உனக்கு வேணும்? பேங்க்ல, கடையில, நாளைக்கு என் கல்லறையில..."

"அவ பேரு இல்ல இம்கே. என் பேரு."

"எப்படி உன் பேராச்சு? அவளைக் கட்டினதாலதானே?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு போனான். ஒரு தட்டைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில், "வேண்டாம்னா நீ உன் பேரையே வச்சுக்க. நான் தடுக்கலையே" என்றான்.

இவனுக்குப் புரியவே இல்லை. என் பெயரை நான் வைத்துக்கொள்வதில் என்ன கஷ்டம்? அவன் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறானே, அதுதான். ஏன் விட மாட்டேன்கிறான்? நாலு வருஷமாச்சு. ஏன்?

மார்ச் 17

காலையில் காபியும் வானிலையும். மேகமூட்டம் என்று அவன் சொன்னான். ஆமாம் என்று நான் சொன்னேன்.

மார்ச் 30, ஞாயிறு

யூடித் வந்திருந்தாள். லுட்கருக்கும் ரோஸ்விதாவுக்கும் ஒரே பெண், மியூன்ஸ்டரில் படிக்கிறாள். என்னிடம் எப்போதும் நன்றாகத்தான் நடந்துகொள்வாள். மூக்கு மட்டும் அப்படியே அம்மாவின் மூக்கு. சூப் குடிக்கும்போது அதைப் பார்க்காமலிருக்க முயன்றேன்.

பெயர் விஷயம் அவள் காதுக்கு எப்படிப் போயிற்றோ. "அப்பா, நீங்க மாத்திக்கிட்டா நான் யார் வீட்டுப் பொண்ணுன்னு சொல்றது?" என்று விளையாட்டாகக் கேட்டாள். லுட்கர் அவள் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சியை வைத்தான்.

கிளம்பும்போது வாசலில் என்னிடம் மட்டும் சொன்னாள், "அம்மாகூட இப்ப நோர்பெர்ட் இருக்காரு தெரியுமில்ல, முன்னாடி பால் லாரி ஓட்டினவரு. அவங்க கல்யாணம் எல்லாம் பண்ணிக்கப் போறதில்ல. ஆனா தீவனக் கடைக்காரங்க அவரையே ஊலன்புரோக்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க இம்கே."

ஏன் சொல்லக் கூடாது? அப்பாவுக்கு வலிக்குமா? எதற்கு வலிக்க வேண்டும்?

ஏப்ரல் 5

கடையில் கூட்டமில்லை. ஒரு மருந்து அட்டையின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். இம்கே ஊலன்புரோக். இன்னொரு தடவை, சாய்வெழுத்தில்.

அழகாகத்தான் இருந்தது. என் பெயரைவிட அழகாக. ஹார்ம்ஸ் என்பது கதவைச் சாத்துகிற சத்தம் மாதிரி. இதில் இருட்டும் தண்ணீரும் இறக்கைகளும் இருக்கின்றன. அதுதான் ஆத்திரம். அவள் எனக்கு முன்னால் பிறந்தாள், அவனை எனக்கு முன்னால் பார்த்தாள், பெயராவது கண்றாவியாக இருந்திருக்கக் கூடாதா?

அட்டையைக் கிழித்துப் போட்டேன். ஹெட்விக் பார்த்தாளா தெரியவில்லை. பார்த்திருப்பாள்.

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

இதைச் சரியாக எழுதி வைக்க வேண்டும்.

பொழுது சாயும் நேரத்தில் ஈஸ்டர் நெருப்புக்குப் போனோம். குளிர்காலம் முழுக்கக் கழித்துப்போட்ட கிளைகளை மலையாகக் குவித்திருந்தார்கள். எல்லாப் பண்ணைக்காரர்களும் வந்திருந்தார்கள், ரோஸ்விதாவும் நோர்பெர்ட்டும் உட்பட. நோர்பெர்ட் ஒல்லி, சாது, யாரைப் பார்த்தாலும் தொப்பியைத் தொடுகிறவர். நான் லுட்கரின் கையைக் கோத்துக்கொண்டு, அவள் பார்க்கும்படியாக, நெருப்பின் இந்தப் பக்கம் நின்றேன். ஆமாம், அவள் பார்க்கும்படியாகத்தான்.

பீர் ஊற்றிக்கொண்டிருந்த தீயணைப்புப் படைக்காரன் மேசை மேல் ஏறி நின்று கத்தினான்.

"ஊலன்புரோக்! ஏ ஊலன்புரோக்! டிராக்டரை நகர்த்துய்யா, வழியில நிக்குது!"

லுட்கர் திரும்பினான். நெருப்புக்கு அந்தப் பக்கம் நோர்பெர்ட்டும் திரும்பினார்.

லுட்கர் ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டான். பையில் கையை விட்டுச் சாவியைத் தேடினான், நாங்கள் வந்ததோ நடந்து. மேசை மேல் நின்றவன் கையை ஆட்டினான். "நீ இல்ல லுட்கர்! அவரு!"

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு. ஒரு கிழவர், "இவன் பழைய ஊலன்புரோக்" என்று பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார். நோர்பெர்ட் தொப்பியைத் தொட்டு, மன்னிப்புக் கேட்பவர் போலத் தலையைக் குனிந்துகொண்டு டிராக்டரை எடுக்கப் போனார்.

நான் லுட்கரின் முகத்தைப் பார்த்தேன். நெருப்பு வெளிச்சத்தில் ஒளிக்க முடியவில்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். ரோஸ்விதா கடைக்கு வந்துபோன அன்று, கண்ணாடியில் எனக்கு இருந்த அதே முகம்.

அவன் பொறாமைப்படுகிறான். அவளோடு இருக்கிறவனைப் பார்த்து.

ஏப்ரல் 21

என் கையைக் கோத்துக்கொண்டிருந்தபோதே.

ஏப்ரல் 24, வியாழன்

சாயங்காலம் அவன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தான். பூட்ஸைக் கழற்றாமலேயே சமையலறைக்குள் வந்து உட்கார்ந்தான்.

"பதிவு அலுவலகம் போயிருந்தேன். எழுதிக் குடுத்துட்டேன். டெர்ஹோர்ஸ்ட் ஆயிட்டேன், மறுபடியும்."

நான் அவன் பூட்ஸையே பார்த்தேன்.

"இனிமே ஊலன்புரோக்குக்குத் திரும்ப முடியாதாம்" என்றான். ரொட்டியை எடுத்து வெட்ட ஆரம்பித்தான். இரண்டு பேருக்குத் தேவையானதைவிட அதிகமாகவே வெட்டினான்.

"எனக்காகவா?"

"பேசிட்டே இருந்தோமில்ல. முடிஞ்சுது."

அது பதில் இல்லை. ஆமாம் என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஓர் ஆமாம் போதுமே.

மார்ச் முழுவதும் நான் கெஞ்சினேன், கத்தினேன், மௌனமாக இருந்தும் பார்த்தேன். அசையவில்லை. பீர் ஊற்றுகிறவன் மேசை மேல் ஏறி "நீ இல்ல" என்றான், வாரம் முடிவதற்குள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறான். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் எனக்குக் கொடுத்ததாக இல்லையே. நோர்பெர்ட் மேல் கோபித்துக்கொண்டு எறிந்தது என் மடியில் வந்து விழுந்திருக்கிறது.

சந்தோஷப்படு இம்கே. ஜெயித்துவிட்டாய்.

மே 2

ஜெயித்தவள் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

மே 7, புதன்

வண்டியின் பக்கத்திலிருந்த எழுத்துகளைச் சூடுகாட்டி உரித்துக்கொண்டிருந்தான். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தாக நகத்தால் நெம்பி, உருட்டி, வாளியில் போட்டான். ஒன்றைக்கூட வீசவில்லை, போட்டான்.

பிறகு பின்னால் தள்ளி நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். மனைவியை இழந்தவன் அப்படி நிற்பான் என்று தோன்றியது. தோன்றியதும் காபிக் கோப்பையைப் பாத்திரத் தொட்டியில் போட்டு உடைத்தேன். கை தவறி என்று அவனிடம் சொன்னேன்.

மே 13, செவ்வாய்

மருந்துகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர் முதுகுவலி என்று வரவில்லை. பொட்டலங்களில் ஒன்று ஊலன்புரோக் பண்ணைக்கு. "நானே போறேன்" என்றேன். ஹெட்விக் சாவியை நீட்டியபோது என் கையை ஒரு நொடி அழுத்தினாள்.

முதல் தடவையாக அந்தப் பலகையில் திரும்பினேன்.

ரோஸ்விதா அடுப்பிலிருந்து ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்ட கேக்கை எடுத்துக்கொண்டிருந்தாள். "அட! நீங்களேவா?"

"ஆள் வரலை, அதான்..."

"சரி உக்காருங்க. பாக்கத்தானே வந்தீங்க? பாருங்க." கேக் தட்டோடு கையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட மேசை, நாய், ஜன்னலுக்கு வெளியே தொழுவம். இருபது வருஷம் அவன் பார்த்த ஜன்னல். எந்த நாற்காலி அவனுடையது என்று யோசித்தேன். அதில்தான் உட்கார்ந்துவிட்டோமோ என்றும்.

நேராகவே சொன்னேன். "லுட்கர் உங்க பேரைத் திருப்பிக் குடுத்துட்டான்."

"திருப்பிக் குடுக்க அது என்ன பக்கத்து வீட்ல வாங்கின கிண்ணமா?" கேக்கை வெட்டினாள். "யூடித் சொன்னா. போன்ல ஒரே அழுகை."

"உங்க பேரு. உங்ககிட்டயே வந்துருச்சு. அதைச் சொல்லலாம்னுதான்..."

"என் பேரா?" அவள் சிரித்ததில் நாய் எழுந்து நின்றது. "எங்கப்பாவோட தாத்தா பேரு வெசல்ஸ். கூலிக்கு வந்தவரு. இந்த வீட்டுப் பொண்ணைக் கட்டினாரு, ஊலன்புரோக் ஆயிட்டாரு. அதுக்கு முன்ன ஒரு விதவை, அவளோட ரெண்டாம் புருஷன் எங்கேர்ந்தோ வந்தவன், அவனும் ஊலன்புரோக். ரத்தத்துல ஊலன்புரோக்னு இங்க எவனும் இல்லம்மா. சேறு ஒண்ணுதான் அசல், அதுவும் எங்கப்பா காலத்துலயே வத்திப்போச்சு. ஆந்தையா? நான் டிவியிலதான் பாத்திருக்கேன்."

நான் கேக்கைக் கிள்ளினேன்.

"தூக்கத்துல இன்னும் பல்லைக் கடிக்கறானா?" என்று திடீரென்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். பொய். கடிக்கிறான்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பொய் என்று தெரிந்துவிட்டது புரிந்தது. அதற்குப் பிறகு 'நீங்க' போய்விட்டது.

"அவன் அப்பாவைப் பத்தி உன்கிட்ட என்ன சொல்லியிருக்கான்?"

"இறந்துட்டாருன்னு."

"அவ்வளவுதானா? சொல்ல மாட்டான். மூத்த பையன் இல்லையா? டெர்ஹோர்ஸ்ட்ன்னா என்ன தெரியுமா, மேட்டுத் தோப்புக்காரங்க. கிழவருக்கு அதுல ஒரு கர்வம். எங்க கல்யாணத்தன்னைக்குச் சர்ச்சுல கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தாரு. மேட்டுல பொறந்தவன் சேத்துல இறங்கிட்டான்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிட்டு, சாப்பாட்டுக்கு முன்னாலயே எழுந்து போயிட்டாரு. அதுக்கப்புறம் இவன் போன் பண்ணுவான். 'ஊலன்புரோக்கா? அப்படி யாரையும் எங்களுக்குத் தெரியாது'ம்பாரு. வச்சிடுவாரு. சாகற வரைக்கும் அதேதான். இவனும் சளைக்காம ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பண்ணுவான், ஒவ்வொரு தடவையும் 'ஊலன்புரோக் பேசறேன்'னுதான் ஆரம்பிப்பான். 'லுட்கர் பேசறேன்'னு சொல்லேன்டான்னு நான் தலையில அடிச்சுக்கிட்டேன். மாட்டேன்னுட்டான்."

வெளியே நோர்பெர்ட் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார். ஜன்னல் வழியாகத் தொப்பியைத் தொட்டார்.

"நீ என்ன நெனச்ச? என் மேல ஆசையில வச்சிருக்கான்னா?" ரோஸ்விதா தன் பெரிய உடம்பைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். "அடப் பொண்ணே! கூட இருந்தப்பவே அவ்வளவு ஆசை இல்ல."

காரில் ஏறி உட்கார்ந்து வெகு நேரம் கிளப்பாமல் இருந்தேன். அவன் அவளைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அவனுக்கு அந்தப் பெயரின் விலை அப்பா. அவ்வளவு கொடுத்து வாங்கியதை, ஒருவன் மேசை மேல் ஏறி நின்று, மாடு கறக்கிற யாருக்கும் அது சும்மா கிடைக்கும் என்று சொல்லிவிட்டான்.

இதெல்லாம் புரிந்த பிறகாவது பொறாமை போக வேண்டும் அல்லவா? போகவில்லை. இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு கிறிஸ்துமஸும் அவன் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது, அந்த முகத்தைப் பார்த்தவள் அவள். எனக்கு "இறந்துட்டார்" என்ற ஒரு சொல் மட்டும்.

மே 14, புதன்

மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

"அங்க போனியா?" என்றான். கோபப்படுவான் என்று நினைத்தேன். "ருபார்ப் கேக் குடுத்தாளா?"

"குடுத்தா."

"சர்க்கரை பத்தியிருக்காதே."

"பத்தல."

இருவரும் சிரித்துவிட்டோம். ரொம்ப நாளைக்கப்புறம். சிரித்து ஓய்ந்ததும்தான் கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று.

"சொன்னா பாவம்னு விட்டுருப்ப. பாவம்னு நீ விட வேண்டாம்னு நெனச்சேன்." கையில் வெண்ணெய்க் கத்தியை வைத்துத் திருப்பிக்கொண்டே பேசினான். "அப்பா செத்தப்ப பேப்பர்ல அறிவிப்புப் போட்டோம். தம்பி கேட்டான், உன் பேரை எப்படிப் போடன்னு. வெறும் லுட்கர்னு போட்டிருந்தாக்கூடப் போதும். ஊலன்புரோக்னே போடுன்னேன். செத்த மனுஷன்கிட்டகூட விட்டுக்குடுக்கல. அப்படி வச்சிருந்த பேரு. ஈஸ்டர் அன்னைக்கு... எனக்குப் பொறாமை இம்கே, அந்த நோர்பெர்ட் மேல. ரோஸ்விதாவுக்காக இல்ல. அவரு ஒண்ணுமே குடுக்காம அது அவருக்குக் கிடைச்சுதே, அதுக்கு."

பொறாமை என்ற சொல்லை அவன் அவ்வளவு எளிதாகச் சொன்னான். நான் இந்த நோட்டில் தவிர வேறு எங்கும் சொன்னதில்லை.

"எனக்கும்" என்றேன்.

"தெரியும்" என்றான்.

பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நான் வேணா ஹார்ம்ஸ் ஆயிடட்டுமா? எனக்குப் பழக்கம்தானே" என்றான்.

மே 15

விளையாட்டாகச் சொல்லவில்லை. காலையிலும் கேட்டான்.

உண்மையை இங்காவது எழுத வேண்டும். எனக்கு ஆசையாக இருக்கிறது. வெட்கம் கெட்ட ஆசை. அவளுக்காக ஒரு பெயரை விட்டான், எனக்காகவும் விடட்டும். கணக்கு நேராகட்டும். வாசல் மணிக்குக் கீழே என் பெயர் மட்டும். கடைக்கு வருகிறவர்களிடம் சாதாரணமாகச் சொல்வேன்: ஆமாம், அவர் என் பெயரை எடுத்துக்கொண்டார். ரோஸ்விதா அடுத்த முறை மாத்திரை வாங்க வரும்போது என் சட்டையிலுள்ள பெயரைப் படிப்பாள்.

அதை நினைத்தபோது கிடைத்த சுகம் இருக்கிறதே! அப்புறம்தான் பயம் வந்தது. பெண் வீட்டு வாசலுக்கு வரும்போதெல்லாம் அவன் யாரையோ கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டுமா? ரோஸ்விதாகூட அவனிடம் கேட்கவில்லையாம், அது வழக்கம். நான்தான் கேட்கிறேன்.

மே 19

இன்னும் பதில் சொல்லவில்லை. அவனும் அவசரப்படுத்தவில்லை. ஒரு நாள் சரி என்று தோன்றுகிறது, அடுத்த நாள் ச்சீ என்று.

மே 25, ஞாயிறு

அவன் தம்பி போன் செய்தான். செய்தி அவன் வரைக்கும் போயிருக்கிறது. லுட்கர் போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்திருந்ததால் எனக்கும் கேட்டது. "என்னடா, மேட்டுக்கு ஏறி வந்துட்டியாமே! அப்பா இருந்திருந்தா ஒரு பாட்டில் உடைச்சிருப்பாரு." லுட்கர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றான். "டேய், இருக்கியா?" என்றது போன். "இருக்கேன், இருக்கேன்" என்றான்.

அவன் போனை வைத்துவிட்டுத் திரும்பிய முகத்தை இந்தத் தடவை நான் பார்த்தேன்.

"ஹார்ம்ஸ் வேண்டாம்" என்றேன். "கொஞ்ச காலம் நீ உங்கப்பா பையனா இரு. நான் எங்கப்பா பொண்ணாவே இருக்கேன்."

"அப்ப நமக்கு ஒரே பேரு?"

"இல்லாமப் போகட்டும்."

சொல்லிவிட்டேனே தவிர, ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் உள்ளுக்குள் ஒரு குழந்தை காலை உதைத்துக்கொண்டு அழுதுகொண்டே இருந்தது. எனக்கு மட்டும் ஒண்ணும் இல்லையா, எனக்கு மட்டும் ஒண்ணும் இல்லையா என்று.

ஜூன் 3

பதிவு அலுவலகத்துக்குப் போன் செய்து சொன்னேன்: தனித்தனிப் பெயர்கள். "உறுதியா?" என்று அந்தப் பெண் கேட்டாள். என்னை அறியாமல் "இன்னைக்கு உறுதி" என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள், குறித்துக்கொண்டாள்.

ஜூன் 20, வெள்ளி

காலை பதினொன்றுக்குக் கல்யாணம். யூடித் ஒரு சாட்சி, ஹெட்விக் ஒரு சாட்சி. ஹெட்விக் புதுத் தொப்பி வாங்கியிருந்தாள், அது அவள் கண்ணை மறைத்துக்கொண்டே இருந்தது. மழை வரவில்லை.

கேட்க வேண்டியதைக் கேட்டார்கள், சொல்ல வேண்டியதைச் சொன்னோம். கையெழுத்து முதலில் நான். இம்கே ஹார்ம்ஸ். கதவைச் சாத்துகிற சத்தம் இன்று அவ்வளவு மோசமாக இல்லை.

பேனாவை லுட்கரிடம் கொடுத்தேன். லுட்கர் என்று எழுதினான். அடுத்த பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாக, நன்றாக வளைத்து எழுதினான். எழுதிவிட்டு அப்படியே நின்றுவிட்டான்.

ஊலன்புரோக்கின் முதல் எழுத்து.

யூடித் கூரை விளக்கைப் பார்த்தாள். ஹெட்விக்கின் தொப்பி நல்லவேளையாகக் கண்ணை மறைத்திருந்தது. லுட்கரின் காது மடல் சிவந்துகொண்டே போனது. அவன் என் பக்கம் திரும்பவில்லை. பயந்தான் என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்துத்தான்.

எனக்கு எதுவும் ஆகவில்லை என்று எழுதினால் பொய். குத்தியது. என் கல்யாணத் தாளில், என் பெயருக்குக் கீழே, கறுப்பு மையில், அது. மார்ச் மாதமாக இருந்திருந்தால் எழுந்து வெளியே போயிருப்பேன்.

"இவருக்கு இன்னொரு தாள் குடுங்க" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "ரொம்ப வருஷம் அங்க இருந்தவரு."

அவள் புதுத் தாளை எடுத்து வைத்தாள். நான் மறுபடி கையெழுத்துப் போட்டேன். அவன் இந்தத் தடவை பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒவ்வோர் எழுத்தாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினான். டெர்ஹோர்ஸ்ட். கடைசி எழுத்து வரை போய்ச் சேர்ந்ததும் தாளை என் பக்கம் தள்ளினான்.

"படிக்க முடியுதா?" என்றான்.

"முடியுது" என்றேன்.